பேரழிவுப் படைக்கலங்களும் காவற் பொறுப்பும்: இலங்கை அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஒன்பதாம் இலக்க நெடுஞ்சாலை, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை ஆகிய ஊர்களைக் கடந்து மாத்தளையை அடைவதற்கு முன்னர் அலவத்துகொட என்னும் சிறு பட்டினத்தினூடாகச் செல்கின்றது. வயலும் தோட்டமும் சூழ்ந்த இப்பகுதியிலே சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அயலவராய் வாழ்கின்றனர். பேரழிவுப் படைக்கலங்கள் பயங்கரவாதிகளின் கைக்கு எட்டாதவாறு தடுப்பதற்கு உலக நாடுகள் மேற்கொண்டுவரும் முயற்சிகள் பற்றிப் பேசுமிடத்து இத்தகைய பட்டினம் ஒன்று எவருடைய நினைவுக்கும் வருவதில்லை. நியூயோர்க், ஜெனீவா, வியன்னா, ஹேக் ஆகிய நகரங்களின் மாநாட்டு மண்டபங்களே நினைவுக்கு வரும். ஆயினும், அலவத்துகொடவினூடாகச் செல்லும் அதே நெடுஞ்சாலையில் தம்புள்ளை வரை சென்று, அங்கிருந்து ஹபரணை, பொலன்னறுவை வழியாகக் கிழக்கே திரும்பினால் வாழைச்சேனையையும் அதனை அடுத்துள்ள கிரானையும் அடையலாம். அரசல்லாத ஆயுத இயக்கம் ஒன்று போர்க்களத்திலே நச்சுவாயுவைக் கையாண்ட மிக முற்பட்ட நிகழ்ச்சிகளுள் ஒன்று 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கேதான் இடம்பெற்றது.

இந்நிகழ்ச்சியை நடுவாகக் கொண்டு, சர்வதேசத் தடுப்பு முயற்சிகள் வளர்ந்த வரலாற்றையும் அவற்றில் இலங்கையும் இலங்கையரும் பெற்ற இடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பேரழிவுப் படைக்கலம் என்றவுடன் அணுகுண்டையும் ஏவுகணையையும் எண்ணிப் பார்ப்பது வழக்கம். இலங்கை அனுபவமோ வேறொன்றை உணர்த்துகின்றது. காக்கப்பட வேண்டியவை பெரும்பாலும் ஆலையிலும் மருத்துவமனையிலும் ஆய்வுகூடத்திலும் கடையிலும் அன்றாடம் கையாளப்படும் பொருள்களே என்பதும், அவற்றைக் காக்கும் பொறுப்பு இராசதந்திரிகளுக்கும் படையினருக்கும் மட்டும் உரியதன்று என்பதும் அவ்வனுபவம் தரும் பாடங்களாம்.

அரசுகளை நோக்கி எழுந்த சட்டங்கள்

முதலாம் உலகப் போரின்போது, 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜேர்மானியப் படையினர் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட உருளைகளிலிருந்து குளோரின் வாயுவைக் காற்றிற் கலந்துவிட்டனர். நவீன இரசாயனப் போர் அன்று தொடங்கியது எனலாம். அப்போரின் கொடுமைகளைக் கண்டு அதிர்ந்த நாடுகள் 1925ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் ஜெனீவாவில் ஒரு நெறிமுறையிற் கைச்சாத்திட்டன. போரிலே நச்சுவாயுக்களையும் நோய்க்கிருமிகளையும் பயன்படுத்துவதை அது தடைசெய்தது. எனினும் அத்தடை, கைச்சாத்திட்ட அரசுகள் தமக்குள் செய்துகொண்ட உறுதிமொழியாகவே அமைந்தது. அரசல்லாத குழு ஒன்று அவ்வாயுவைப் பெறக்கூடும் என்ற எண்ணம் அந்நாளில் எழவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. 1948இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆணைக்குழு ஒன்று பேரழிவுப் படைக்கலங்களுக்கு வரைவிலக்கணம் வகுத்தது. அணுவெடிப்புப் படைக்கலங்கள், கதிரியக்கப் பொருட் படைக்கலங்கள், உயிர்கொல்லும் இரசாயன, உயிரியற் படைக்கலங்கள் ஆகியன அதில் அடங்கின. 1968இற் கைச்சாத்துக்காகத் திறக்கப்பட்டு 1970இல் நடைமுறைக்கு வந்த அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கை, ஐந்து வல்லரசுகளை அணுவாயுத நாடுகளாக ஏற்று, ஏனையவை அவற்றை நாடாதிருக்க வகைசெய்தது. 1972ஆம் ஆண்டின் உயிரியற் படைக்கலச் சமவாயம், ஒவ்வோர் அரசும் தன் ஆட்சிப் பரப்பினுள் அத்தகைய படைக்கலங்கள் ஆக்கப்படாமலும் வைத்திருக்கப்படாமலும் தடுக்க வேண்டும் என விதித்தது. தனியாட்களை நோக்கிய சட்டத்தின் முளையை இங்கே காணலாம். ஆயினும் அதனைக் கண்காணிப்பதற்கு எவ்விதப் பொறிமுறையும் அச்சமவாயத்தில் இடம்பெறவில்லை.

இக்காலப்பகுதியில் இலங்கை ஆயுதக் களைவுக்காக ஓங்கிக் குரல்கொடுத்த சிறு நாடாக விளங்கியது. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டும் என்ற அதன் முன்மொழிவை 1971 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை பிரகடனமாக ஏற்றது. 1976இல் கொழும்பிற் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு விடுத்த கோரிக்கையின் பயனாக 1978இல் ஆயுதக் களைவு பற்றிய முதலாவது சிறப்புப் பொதுச் சபைக் கூட்டத்தொடர் நிகழ்ந்தது. வல்லரசுகளின் கப்பல்களையும் குண்டுகளையும் பற்றியே அன்றைய அச்சம் அமைந்திருந்தது. அடுத்த ஆபத்து நாட்டின் உள்ளேயே, ஓர் அரசாங்கத் தொழிற்சாலையின் பொருள்வழியே வரும் என எவரும் எதிர்பார்த்திலர்.

கிரான், 1990

வாழைச்சேனைக் காகித ஆலை 1950களிலே தொடங்கப்பெற்றது. வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் செய்த அவ்வாலை, கிழக்கிலங்கையின் கைத்தொழில் வளர்ச்சிக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. காகிதக் கூழை வெளிறச் செய்வதற்குக் குளோரின் தேவை. குடிநீரைத் தூய்மையாக்குவதும் அதுவே. கண்டி நகருக்கும் சுற்றுப்புறங்களுக்கும் குழாய்வழிச் செல்லும் மகாவலி நீரும் குளோரினாலேயே கிருமி நீக்கப்படுகின்றது. உயிர் காக்கும் இப்பொருளே செறிவுற்ற வாயுவாக மூச்சுக்குழலைத் தாக்கும்போது உயிர் குடிப்பதாகின்றது.

1990 மார்ச்சில் இந்திய அமைதி காக்கும் படை வெளியேறியது. அவ்வாண்டு ஜூன் மாத நடுப்பகுதியில் இலங்கை அரசுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்தம் முறிந்து இரண்டாம் கட்டப் போர் வெடித்தது. கிழக்கு மாகாணத்தின் பொலிஸ் நிலையங்களும் இராணுவ முகாம்களும் முற்றுகைக்குள்ளாயின. அவ்வாறு முற்றுகையிடப்பட்ட கிரான் முகாமின் மீது, அயலிலிருந்த காகித ஆலையிலிருந்து பெறப்பட்ட குளோரினை இயக்கத்தினர் காற்றில் விடுத்தனர். அறுபதுக்கு மேற்பட்ட படையினர் பாதிப்புற்றனர் என ஆய்வாளர் குறிப்பிடுவர். காற்றின் போக்கினால் வாயுவின் ஒரு பகுதி விடுத்தவர்களின் பக்கமே திரும்பியது என்றும், வழக்கமான படைக்கலங்கள் போதாமையே இம்முயற்சிக்குத் தூண்டுதலாயிற்று என்றும், மக்களிடத்தும் வெளிநாடுகளிலும் ஆதரவு குறையும் என்ற அச்சமே அது தொடராமைக்கு ஒரு காரணம் என்றும் அவர்கள் கருதுவர்.

இந்நிகழ்ச்சியிற் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, இதற்கு உயர்ந்த விஞ்ஞான அறிவோ பெருஞ்செலவோ வெளிநாட்டு அரசொன்றின் உதவியோ வேண்டப்படவில்லை. பொருள் அருகிலிருந்தது, போர் அதனைக் கையெட்டச் செய்தது. இரண்டாவது, 1925ஆம் ஆண்டின் நெறிமுறை அரசுகளையே கட்டுப்படுத்தியமையால், அவ்வியக்கம் அதன் தரப்பாக அமையவில்லை. மூன்றாவது, தமிழிலே எழுதப்பட்ட போர் வரலாறுகளில் இந்நிகழ்ச்சி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இப்போரில் அரசபடையினர் இழைத்த கொடுமைகள் பலவாகும். அவை தனியே விரிவாக ஆராயப்பட வேண்டியவை. எனினும் ஒரு தரப்பின் குற்றம் மறுதரப்பின் செயலை வரலாற்றிலிருந்து அழித்துவிடாது. தமக்கு உவப்பானதை மட்டும் எழுதும் சமூகம், தன் அனுபவத்திலிருந்து பாடம் பெறும் வாய்ப்பை இழந்துவிடும்.

1995ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

கிரான் நிகழ்ச்சி உள்நாட்டுப் போரின் ஒரு கூறாகவே கருதப்பட்டமையால் உலகின் கவனத்தை ஈர்க்கவில்லை. உலகம் விழித்தெழுந்தது 1995 மார்ச் 20ஆம் நாளாகும். அன்று யப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ என்னும் மதக்குழுவினர் டோக்கியோ நகரின் சுரங்க இரயில்களிலே சாரின் என்னும் நரம்பு நச்சினைப் பரப்பினர். பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளை நாடினர். அதற்கு முந்திய ஆண்டிலேயே மட்சுமோட்டோ நகரில் அதே குழு அதே நச்சினாற் பலரைக் கொன்றிருந்தது. பல்கலைக்கழகங்களிற் பயின்ற விஞ்ஞானிகள் அக்குழுவிலே இருந்தனர் என்பது கல்வியுலகம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

டோக்கியோ நிகழ்ச்சி நடந்து ஒரு மாதம் நிறைவதற்குள், ஏப்ரல் 17ஆம் நாள், அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையை மீளாய்ந்து நீடிப்பதற்கான மாநாடு நியூயோர்க்கிலே தொடங்கியது. இம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையரான ஜயந்த தனபால ஆவார். கண்டி திரித்துவக் கல்லூரியிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் கல்வி கற்ற அவர், முரண்பட்டு நின்ற அணுவாயுத நாடுகளையும் அணிசேரா நாடுகளையும் ஓர் இணக்கத்துக்குக் கொணர்ந்தார். மே 11ஆம் நாள் உடன்படிக்கை வாக்கெடுப்பின்றிக் காலவரையறையில்லாமல் நீடிக்கப்பட்டது. ஆயுதக் களைவுக்கான கோட்பாடுகளும் மீளாய்வை வலுப்படுத்தும் ஏற்பாடும் உடன் ஏற்கப்பட்டன. பின்னர் 1998 முதல் 2003 வரை ஐக்கிய நாடுகள் சபையின் ஆயுதக் களைவு விவகாரங்களுக்கான துணைப் பொதுச் செயலாளராகவும் அவர் பணியாற்றினார். 2023இல் அவர் காலமானார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கின் காலத்தின் முரண்பாடு தெளிவாகும். மாநாட்டு மண்டபத்திலே அரசுகள் அரசுகளைப் பற்றிப் பேசின; சுரங்க இரயிலிலோ எந்த அரசையும் சாராத ஒரு குழு நஞ்சைப் பரப்பியது. இரசாயனப் படைக்கலச் சமவாயம் 1993இற் கைச்சாத்துக்குத் திறக்கப்பட்டு 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது இவ்விடைவெளி ஓரளவு நிரம்பியது. ஒவ்வோர் அரசும் தன் ஆட்சிப் பரப்பிலுள்ள தனியாட்களையும் தண்டிக்கத்தக்க சட்டம் இயற்ற வேண்டும் என அது கட்டளையிட்டது. நச்சுப் பொருள்களின் அட்டவணைகளிற் குளோரின் இடம்பெறவில்லை. ஆயினும் கெடுநோக்குடன் கையாளப்படும் எந்த நச்சுப் பொருளும் படைக்கலமே என்ற பொதுவிதியினால் அதுவும் அடங்கும். இலங்கை 1994இல் இச்சமவாயத்தை ஏற்புறுதி செய்தது. அதற்குச் சட்ட வடிவம் கொடுத்த 58ஆம் இலக்கச் சட்டம் 2007ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. கிரானுக்கும் அச்சட்டத்துக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கழிந்தன.

வணிகக் கரங்களும் 1540ஆம் இலக்கத் தீர்மானமும்

2001 செப்டெம்பர் 11ஆம் நாளின் தாக்குதல்களும், அதனை அடுத்து அமெரிக்காவிலே அஞ்சல்வழிப் பரப்பப்பட்ட அந்திராக்ஸ் கிருமியால் ஐவர் மாண்டமையும் உலகின் அச்சத்தைப் பெருக்கின. 2003 ஒக்டோபரில் லிபியா நோக்கிச் சென்ற கப்பலொன்று இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பப்பட்டது. யுரேனியத்தைச் செறிவூட்டும் இயந்திரங்களின் பாகங்கள் அதிற் காணப்பட்டன. அவை மலேசியத் தொழிற்சாலை ஒன்றிலே செய்யப்பட்டவை. பாகிஸ்தானிய அணு விஞ்ஞானி அப்துல் காதிர் கானின் இரகசிய வணிக வலையமைப்பு இதனால் வெளிப்பட்டது. துபாயையும் கோலாலம்பூரையும் தளமாகக் கொண்டிருந்த இலங்கை வணிகர் ஒருவர் அவ்வலையமைப்பின் முக்கிய இடைத்தரகர் என அமெரிக்க அதிபர் புஷ் 2004 பெப்ரவரி 11ஆம் நாள் ஆற்றிய உரையிற் பெயர் குறித்துக் கூறினார். அவர் மலேசியாவில் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டு 2008இல் விடுவிக்கப்பட்டார்.

இங்கே வாங்கியது ஓர் அரசே, பயங்கரவாதக் குழுவன்று. ஆயினும் விற்றவர்கள் தனியாட்கள். விற்பனைக்கு வந்தது எவருக்கும் போகலாம் என்ற அச்சமே 2004 ஏப்ரல் 28ஆம் நாள் பாதுகாப்புச் சபை ஏகமனதாக நிறைவேற்றிய 1540ஆம் இலக்கத் தீர்மானத்துக்கு அடிப்படையாயிற்று. எந்த அரசினதும் சட்டபூர்வ அதிகாரத்தின் கீழ் இயங்காத தனியாளுக்கோ அமைப்புக்கோ அணு, இரசாயன, உயிரியற் படைக்கலங்களைப் பெற எவ்வித உதவியும் அளிக்கலாகாது என்றும், அதனைத் தடுக்கும் சட்டங்களையும் களஞ்சியக் கணக்கையும் எல்லைக் கட்டுப்பாட்டையும் ஒவ்வொரு நாடும் ஏற்படுத்த வேண்டும் என்றும் அது விதித்தது. அதன் செயற்பாட்டைக் கவனிக்கும் குழுவின் ஆயுள் 2022இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீடிக்கப்பட்டது.

இத்தீர்மானம் குறித்து எழுந்த கண்டனமும் இவ்விடத்து நோக்கற்பாலது. உடன்படிக்கைகள் நாடுகளின் சம்மதத்தாற் பிறப்பவை. பதினைந்து உறுப்பினர் மட்டுமே கொண்ட சபையொன்று உலகம் முழுவதற்கும் சட்டம் இயற்றலாமா எனவும், அச்சபையின் நிரந்தர உறுப்பினர் ஐவரும் அணுவாயுதம் உடையோராய் இருக்க, ஏனையோருக்கு மட்டும் கட்டுப்பாடா எனவும் வளர்முக நாடுகள் வினவின. இதற்கு மாறாகச் சம்மதத்தின்வழி நடந்த முயற்சி, அணுப் பயங்கரவாதச் செயல்களை ஒடுக்குவதற்கான சர்வதேசச் சமவாயமாகும். 1996இற் பொதுச் சபை அமைத்த சிறப்புக் குழுவிலே ரஷ்யாவின் முன்மொழிவாகத் தொடங்கிய இது, 2005 ஏப்ரல் 13ஆம் நாள் பொதுச் சபையால் ஏற்கப்பட்டு 2007இல் நடைமுறைக்கு வந்தது. ஏற்கப்பட்டபோது அச்சிறப்புக் குழுவின் தலைவராக விளங்கியவர் இலங்கைச் சட்ட அறிஞர் ரொஹான் பெரேரா ஆவார். அதே குழு ஆராய்ந்த பயங்கரவாதம் பற்றிய முழுமையான சமவாயமோ இன்னும் முடிவுபெறவில்லை. விடுதலைப் போராட்டம் எது, பயங்கரவாதம் எது என்ற பிணக்கே அதற்குத் தடை. பெயரில் இணங்க முடியாதோரும் பொருளைக் காப்பதில் இணங்க முடிந்தது என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு.

களஞ்சியக் கதவும் கணக்கேடும்

பொருளைக் காத்தல் என்பது நடைமுறையில் யாது? அலவத்துகொட போன்ற பட்டினமொன்றின் விவசாய இரசாயனக் கடையிலிருந்து இவ்வினாவைத் தொடங்கலாம். 1930களிலே ஜேர்மானிய இரசாயனவியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிகொல்லிகளைத் தேடும் ஆய்வின்போதே தபுன், சாரின் ஆகிய நரம்பு நச்சுக்களைக் கண்டறிந்தார். வயலுக்குத் தெளிக்கப்படும் ஓர்கனோபொஸ்பரசுச் சேர்மங்களும் டோக்கியோவில் உயிர் குடித்த நஞ்சும் ஒரே குடும்பத்தின் உறுப்பினர்கள். இலங்கையில் இவற்றை ஒழுங்குபடுத்தும் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980இல் இயற்றப்பட்டது. அதற்குரிய பதிவாளர் அலுவலகம் பேராதனையைச் சேர்ந்த கெட்டம்பேயில் இயங்குகின்றது. கடும் நச்சுத்தன்மை வாய்ந்த பீடைநாசினிகள் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன. அடுத்த பத்தாண்டுக் காலத்தில் நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழ அரைப்பங்காகக் குறைந்தது. பயங்கரவாதத்தை எண்ணி எடுக்கப்பட்ட நடவடிக்கையன்று இது. ஆயினும் மனிதர் மனத்தை மாற்ற முடியாதவிடத்தும் கொடிய பொருளைக் கையெட்டாது வைப்பதன் மூலம் உயிர்களைக் காக்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறில்லை.

கதிரியக்கப் பொருள்களின் நிலையும் இதுவே. 1987இல் பிரேசிலின் கொயானியா நகரிற் கைவிடப்பட்ட சிகிச்சை இயந்திரமொன்றின் சீசியம், அறியாதார் கைகளிற் பரவி நால்வரின் உயிரைக் கொண்டது. 2010இல் டில்லிப் பல்கலைக்கழக இரசாயனவியற் றுறையிற் பல்லாண்டுகள் பயன்படாது கிடந்த கோபாற்று-60 கருவி பழைய இரும்பாக ஏலம் விடப்பட்டு மாயாபுரிச் சந்தையை அடைந்தது. ஒருவர் மாண்டார், பலர் நோயுற்றனர். இவ்விரண்டும் அசட்டையின் விளைவுகள். அறியாமல் நிகழ்ந்தது இத்துணை எனின், கெடுநோக்குடையோர் கையில் அப்பொருள் சேரின் யாதாகும் என்ற கேள்வியே சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் 2003ஆம் ஆண்டு ஒழுக்கக் கோவைக்கும், 2010 முதல் 2016 வரை நிகழ்ந்த நான்கு அணுப் பாதுகாப்பு உச்சி மாநாடுகளுக்கும் வழிகோலியது. இலங்கையில் 1969ஆம் ஆண்டின் அணுசக்தி அதிகாரசபைச் சட்டத்தின் இடத்தை 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் பெற்றது. அணுசக்தியை ஊக்குவிக்கும் சபையும் அதனைக் கட்டுப்படுத்தும் பேரவையும் அதன்வழி வெவ்வேறாயின.

ஆகவே நியூயோர்க்கில் நிறைவேறும் தீர்மானம் ஒன்று இறுதியில் வந்து சேருமிடம் ஒரு களஞ்சியக் கதவும் கணக்கேடும் ஆகும். ஆலையின் களஞ்சியப் பொறுப்பாளர், மருத்துவமனையின் கதிரியக்கத் தொழில்நுட்பவியலாளர், துறைமுகத்தின் சுங்க அதிகாரி, பல்கலைக்கழக ஆய்வுகூட உதவியாளர் ஆகியோரே அதனை நிறைவேற்றுவோர். தேவைக்கு மேற்பட்ட பொருளை வாங்காதிருத்தல், பழுதான கருவியை உரியவரிடம் ஒப்படைத்தல், குறைந்த உருளையை அன்றே அறிவித்தல் ஆகிய சிறு ஒழுக்கங்களே பெரும் உடன்படிக்கைகளின் உயிர்நாடி.

காவலும் களைவும்

இத்தகைய காவல் மட்டும் போதுமா எனின், போதாது என்பதே இலங்கையின் அறிஞர் இருவர் விட்டுச்சென்ற சிந்தனை. சர்வதேச நீதிமன்றம் 1996 ஜூலை 8ஆம் நாள் அணுவாயுதம் பற்றி வழங்கிய ஆலோசனைக் கருத்தின்போது, நீதியரசர் கிறிஸ்தோபர் வீரமந்திரி எந்நிலையிலும் அதன் பயன்பாடும் மிரட்டலும் சட்டவிரோதமே எனத் தம் மாறுபட்ட தீர்ப்பில் நிறுவினார். முழு இனத்தையும் அழிக்கவல்ல படைக்கலத்தை விலக்கிய இதிகாச மரபினையும் அவர் அதில் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டு வெளிவந்த கன்பரா ஆணைக்குழுவின் அறிக்கையிலும், 2006இல் வெளிவந்த பேரழிவுப் படைக்கல ஆணைக்குழுவின் அறிக்கையிலும் ஜயந்த தனபால உறுப்பினராகப் பங்குகொண்டார். சிலரிடம் அப்படைக்கலங்கள் இருக்கும்வரை பிறரும் அவற்றை நாடுவர் என்பதே அவ்வறிக்கைகளின் சாரம். இலங்கை 2023இல் அணுச் சோதனைத் தடை உடன்படிக்கையை ஏற்புறுதி செய்ததும், அணுவாயுதத் தடை உடன்படிக்கையில் இணைந்ததும் இச்சிந்தனை மரபின் தொடர்ச்சி எனலாம்.

மறுதலையாக, அணுகுண்டுகள் யாவும் அழிக்கப்பட்டாலும் குளோரின் இருக்கும். குடிநீருக்கும் காகிதத்துக்கும் அது வேண்டும். 2006, 2007ஆம் ஆண்டுகளில் ஈராக்கிலே குளோரின் ஏற்றிய வாகனங்கள் படைக்கலங்களாக்கப்பட்டன. கிரானிலே கண்டது தனியொரு விதிவிலக்கன்று என்பதை அது மெய்ப்பித்தது. களைவு இல்லாத காவல் வலியோருக்கு மட்டும் வசதியான நீதியாகும். காவல் இல்லாத களைவு பாதியில் நின்ற பணியாகும். இரண்டும் ஒருங்கே வேண்டப்படுவன.

சாதாரண ஆலைப்பொருள் ஒன்று போரின் நடுவே எவ்வாறு படைக்கலமாகும் என்பதைப் பிறர் நூல்வழி அறிய வேண்டிய நிலையில் இலங்கைத் தமிழர் இல்லை. அது அவர்கள் மண்ணிலேயே, அவர்கள் பெயராற் போராடிய ஓர் இயக்கத்தாலேயே நிகழ்ந்தது. அதனை மறைக்காது எழுதுவது எவரையும் இழிவுபடுத்துவதாகாது. இரசாயனவியல் கற்கும் மாணவர் தம் ஆய்வுகூடத்தின் பூட்டை நோக்கும்போதும், வரலாறு கற்கும் மாணவர் 1990ஆம் ஆண்டின் ஏடுகளைப் புரட்டும்போதும் கிரான் என்னும் பெயர் நினைவிலிருத்தல் வேண்டும். உடன்படிக்கைகள் ஹேக்கிலும் நியூயோர்க்கிலும் எழுதப்படலாம். அவை தேவைப்பட்டதற்கான காரணம் வாழைச்சேனை வீதியில் இருக்கின்றது.